நிறுத்தி வைத்த பந்தய வண்டி

ஏ.ஜே.எஸ். 7ஆர் என்ற பழைய பிரிட்டிஷ் பந்தய மோட்டார் சைக்கிளின் படத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் எந்திரத்தின் தங்க நிறம் மறக்காது. டேங்கும் சட்டகமும் கறுப்பு. நடுவில் கிராங்க் கேஸும் பக்க மூடிகளும் மட்டும் பொன்னாக மின்னும். ஏதோ அலங்காரம் என்றே தோன்றும். லண்டன் பிளம்ஸ்டெட் தொழிற்சாலையில் 1948இல் அதை வெளியே விட்டவர்களுக்கு அலங்காரத்தைவிட அவசரமான கவலை ஒன்று இருந்தது. அந்த வார்ப்புகள் மக்னீசியக் கலவை. மக்னீசியத்தில் ஈரம் தங்கினால் வெள்ளையாகப் பூக்கும். பூத்த இடம் பொடியாக உதிரும். கவனிக்காமல் விட்டால் குழி விழும். தங்க நிறப் பூச்சு அதைத் தடுக்கும் காப்பு. இத்தனை தொல்லை பிடித்த உலோகத்தை ஏன் எடுத்தார்கள் என்றால், அலுமினியத்தின் அடர்த்தி 2.7, மக்னீசியத்தின் அடர்த்தி 1.74. ஒரே அச்சில் வார்த்தால் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம். இப்படி அங்கங்கே கிராம் கிராமாகச் சுரண்டித்தான் 350 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டி ஒன்றைச் சுமார் 130 கிலோவுக்குள் அடக்கினார்கள். நம்மூர்க்காரர்களுக்குப் பழக்கமான திருவொற்றியூர் புல்லட்டும் அதே 350 சிசிதான். ஆனால் 160 கிலோவுக்கு மேல், 18 குதிரைத்திறன். 7ஆர் தன் கடைசிக் காலத்தில், 1960களின் தொடக்கத்தில், 40 குதிரைத்திறனைத் தொட்டது.

இந்த வேறுபாடு சும்மா கிடைத்ததில்லை. வண்டியின் ஆயுளில் இருந்து எடுத்துத்தான் வேகத்தில் போட்டார்கள். ஒரு பருவம் ஓடி, பருவம் முடிந்ததும் முழுதாகப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, அடுத்த பருவத்துக்குப் பூட்டுவது என்ற கணக்கிலேயே அந்த எந்திரம் பிறந்தது. நாற்பது வருடம் தாங்க வேண்டும் என்று யாரும் வரையவில்லை. ஆனால் எழுபது வருடம் தாண்டியும் சில வண்டிகள் இருக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்களும், வைத்திருக்க ஆசைப்படுபவர்களும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இதை எப்படிக் காப்பது? பொதுவாகக் கிடைக்கும் பதில், துடைத்து மெழுகு பூசிப் போர்வை போர்த்தி வை, மாதம் ஒரு முறை ஸ்டார்ட் செய்து பார், வெளியே எடுக்காதே என்பது. ஆய்க்குடி போன்ற ஓர் ஊரில், அதாவது குற்றாலச் சாரல் எட்டுகிற மலையடிவாரத்தில், இந்தப் பதிலைப் பின்பற்றினால் வண்டி சீக்கிரம் சாகும் என்பதே என் வாதம். இலகுரகப் பந்தய வண்டியைக் காக்கும் நல்ல வழி, அதை வருடத்தில் சில முறையாவது பந்தயக் களத்தில் முழுச் சூட்டுக்கு ஓட்டுவது. கேட்பதற்கு ஆசைக்குச் சாக்குச் சொல்வதுபோல் இருக்கும். உலோகத்தையும் எண்ணெயையும் பெட்ரோலையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

முதலில் காற்று. மேற்குத் தொடர்ச்சி மலை ஆரியங்காவுப் பக்கம் தாழ்ந்து கொடுக்கிறது. தென்மேற்குப் பருவக் காற்று அந்த இடைவெளியில் புகுந்து செங்கோட்டை, தென்காசி, ஆய்க்குடி என்று இறங்குகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை, தமிழ்நாட்டின் மற்ற சமவெளிகள் காய்ந்து கிடக்கும்போது இங்கே மட்டும் ஈரக் காற்றும் தூறலும். குளிக்க வருகிறவர்களுக்குச் சீசன். இரும்புக்கு அது வேறு சீசன். காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினால் இரும்பு துருப்பிடிக்கும் வேகம் படிப்படியாகக் கூடுவதில்லை, திடீரென்று எகிறுகிறது. மேற்பரப்பில் தூசியும் உப்பும் இருந்தால் இன்னும் சீக்கிரம். அதோடு இன்னொரு சங்கதி. கனமான உலோகம் காற்றைவிட மெதுவாகச் சூடேறும். இரவில் 22 டிகிரிக்கு ஆறிய எந்திரம், காலையில் காற்று சூடேறிய பிறகும் சில மணி நேரம் குளிர்ந்தே இருக்கும். அப்போது வீசும் காற்றின் பனி படியும் வெப்பநிலை 24 டிகிரி என்றால், எந்திரத்தின் மேலும் உள்ளும் மெல்லிய நீர்ப்படலம் படியும். மழை ஒரு சொட்டும் மேலே விழ வேண்டாம். போர்வை இதைத் தடுக்காது. ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சாதாரண வண்டிக்கு ஏர் ஃபில்டரும் சைலன்சரும் ஓரளவு கதவாக இருக்கின்றன. பந்தய வண்டிக்கு அந்தக் கதவுகள் கிடையாது. கார்புரேட்டரின் வாய் புனல்போல் திறந்து கிடக்கும். புகைக்குழாய் ஒலிபெருக்கிக் குழல்போல் விரிந்து திறந்து கிடக்கும். எந்திரம் நிற்கும்போது ஒரு வால்வு திறந்த நிலையில் நின்றுவிட்டால், ஆரியங்காவுக் காற்று நேராக சிலிண்டருக்குள் போய் வரலாம். சிலிண்டரின் உள் உறை இரும்பு, பிஸ்டன் ரிங்கும் இரும்பு. ரிங் தொடும் இடத்தில் வட்டமாக ஒரு துருக்கோடு விழும். அடுத்த முறை கிக் அடிக்கும்போது அந்தக் கோடு அரம்போல ரிங்கைத் தேய்க்கும். வெளியே மக்னீசியக் கதை இதைவிட மோசம். மக்னீசியத்தில் எஃகு போல்ட் முறுக்கியிருக்கிறது. நடுவில் ஈரம் சேர்ந்தால் அதுவே ஒரு மின்கலம். மின்வேதியியல் வரிசையில் மக்னீசியம் எஃகைவிட வெகு கீழே இருப்பதால், கரைவது எப்போதும் மக்னீசியம்தான். போல்ட் பளபளப்பாக இருக்கும், அதைப் பிடித்திருக்கும் மரை பொடியாகிப் போயிருக்கும். இதையெல்லாம் விட்டுவிட்டு, நின்றால் வால்வு ஸ்பிரிங் தொய்ந்துவிடும் என்று சிலர் கவலைப்படுவார்கள். அறை வெப்பநிலையில் நல்ல எஃகு ஸ்பிரிங் வருடக்கணக்கில் அழுந்திக் கிடந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. அந்தக் கவலையை ஒதுக்கிவிடலாம்.

சரி, மாதம் ஒரு முறை இரண்டு நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்தால் ஈரம் போகாதா? போகாது. கூடும். பெட்ரோல் என்பது ஹைட்ரஜனும் கார்பனும் சேர்ந்தது. எரிந்தால் ஹைட்ரஜன் முழுக்க நீராக மாறும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவரும். எந்திரம் முழுச் சூட்டில் இருந்தால் அந்த ஆவி புகைக்குழாய் வழியே போய்விடும். குளிர்ந்த எந்திரத்தில் ஒரு பகுதி ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி, கிராங்க் கேஸ் சுவரில் தண்ணீராகப் படியும். எரிந்த வாயுக்களோடு சேர்ந்து எண்ணெயில் அமிலமாகும். எண்ணெய் நூறு டிகிரியை நெருங்கிச் சிறிது நேரமாவது அங்கே நிலைத்தால்தான் அந்த நீர் கொதித்து வெளியேறும். ஐடிலில் விட்டால் அந்தச் சூடு வராது. சுமையோடு, வேகத்தோடு, கால்மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட வேண்டும். பந்தய எந்திரத்துக்கு ஐடில் என்பதே சரியாகக் கிடையாது. தாழ்ந்த சுழற்சியில் அதன் கேம்களுக்கு எண்ணெய் ஒழுங்காகப் போய்ச் சேராது. ஆகவே அன்பின் பெயரால் நடக்கும் அந்த மாதாந்திர இரண்டு நிமிடம், ஒன்றுமே செய்யாமல் விடுவதைவிடக் கெடுதல்.

அடுத்து டேங்கில் இருப்பது. இன்று நம்மூர் பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். இதைப் பற்றிப் பேசும்போது பழைய வண்டிக்காரர்கள் சாபம் மட்டும் விடுவார்கள். அது பாதி நியாயம். எத்தனாலின் ஆக்டேன் எண் உயர்வு. ஆவியாகும்போது பெட்ரோலைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். அழுத்த விகிதம் கூடிய பந்தய எந்திரத்துக்கு இது வரமே. தட்டல் குறையும், தலைப்பாகம் சற்றுக் குளிர்ந்து ஓடும். ஆனால் அளவு மாற வேண்டும். ஒரு கிராம் பெட்ரோல் எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிராம் போதும். இருபது சதவீதக் கலவைக்குக் கணக்குப் போட்டால் 13.5 வரும். பழைய ஜெட்டையே வைத்து ஓட்டினால் கலவை சுமார் 8 சதவீதம் மெலிந்துபோகும். மெலிந்த கலவையில் முழுத் திருகலில் ஓட்டினால் பிஸ்டன் ஓட்டையாகலாம். இந்தப் பழைய வண்டிகளில் இருக்கும் அமால் கார்புரேட்டரின் ஜெட்டில் பொறித்திருக்கும் எண், ஒரு நிமிடத்தில் எத்தனை சிசி திரவம் அதன் வழியே ஓடும் என்பதைக் குறிக்கிறது. 200 ஜெட் இருந்த இடத்தில் 215ஐ ஒட்டிய ஒன்றைப் போட்டுத் தொடங்கி, ஓட்டி, ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். இதை நின்ற இடத்தில் செய்ய முடியாது.

எத்தனாலின் உண்மையான கெடுதல் நிறுத்தி வைக்கும்போதுதான் தெரியும். அது காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். இழுத்த நீர் ஓர் அளவைத் தாண்டியதும் எத்தனாலும் நீரும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கும். அடி என்றால் டேங்கின் அடி, பிறகு கார்புரேட்டர் கிண்ணத்தின் அடி. அமால் கார்புரேட்டர்களில் பெரும்பாலானவை துத்தநாகக் கலவையில் வார்த்தவை. நான்கு மாதம் நின்ற ஒன்றின் கிண்ணத்தைக் கழற்றினால், உப்பளத்துத் தரைபோல வெள்ளைப் படிவம் ஒட்டியிருக்கும். தலைமுடி நுழையும் அளவேயான பைலட் துளை அடைந்திருக்கும். ஃபைபர் டேங்க் இருந்தால் இன்னும் வம்பு. 1960களில் எடைக்காக கண்ணாடி இழையும் பாலியெஸ்டர் பிசினும் கலந்து டேங்க் செய்தார்கள்; எத்தனால் அந்தப் பிசினை இளக்கி, கரைந்த பசையைக் கார்புரேட்டர் வழியே வால்வுத் தண்டு வரை கொண்டுபோய் ஒட்டிவிடும். ஓடுகிற வண்டியில் பெட்ரோல் புதிதாகவே இருக்கும். ஓட்டி முடித்த அன்றே டேங்கையும் கிண்ணத்தையும் வடித்துவிடுவார்கள். நிற்கிற வண்டியில் யாருக்கும் அந்த எண்ணம் வராது. டேங்கில் இரண்டு லிட்டர் கிடக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள்.

எண்ணெய் விஷயத்தில் நமக்கு ஓர் உரிமை இருக்கிறது. அந்தக் காலப் பிரிட்டிஷ் பந்தயங்களின் மணம் என்று அங்குள்ள கிழவர்கள் உருகிச் சொல்வது ஆமணக்கு எண்ணெய் எரியும் வாடையைத்தான். நம் பாட்டிமார் பேதிக்கு மூக்கைப் பிடித்துப் புகட்டிய அதே விளக்கெண்ணெய். காஸ்ட்ரால் என்ற பெயரே காஸ்டர் எண்ணெயில் இருந்து 1909இல் வந்தது. உலகத்தின் ஆமணக்கில் பெரும்பங்கு இன்றும் இந்தியாவில், குறிப்பாகக் குஜராத்தில், விளைகிறது. மற்றத் தாவர எண்ணெய்களிடம் இல்லாத குணம் இதற்கு எங்கிருந்து வந்தது? ஆமணக்கு எண்ணெயின் கொழுப்பு அமிலத்தில் 85 முதல் 90 சதவீதம் ரிசினோலெயிக் அமிலம். பதினெட்டு கார்பன் நீளச் சங்கிலி. அதன் பன்னிரண்டாவது கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி. அந்த ஒரு தொகுதியால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். ஆகவே நல்லெண்ணெய், கடலை எண்ணெயைவிடப் பல மடங்கு கெட்டி. அதே தொகுதி உலோகத்தின் மேற்பரப்பையும் பற்றிக்கொள்ளும். பேரிங்கின் நடுவில் எண்ணெய்ப் படலம் நசுங்கி அறுந்துபோகும் கணத்திலும், ஒட்டியிருக்கும் ஓர் அடுக்கு மிச்சமாகி உலோகம் உலோகத்தை உரசாமல் காக்கும். பெட்ரோலில் எளிதில் கரையாது என்பதால் சிலிண்டர் சுவரில் இருந்து கழுவப்படாது. முதல் உலகப் போரில் சுழலும் எந்திர விமானங்கள் இதை நம்பிப் பறந்ததும் இந்தக் குணத்தால்தான்.

இந்த எண்ணெய்க்கு மறுபக்கமும் உண்டு. சூடுபட்டுக் காற்றுப்பட்ட ஆமணக்கு எண்ணெய் நாளடைவில் வார்னிஷாக இறுகும். ஓடி முடித்து, சூடு ஆறுவதற்குள் வடித்தால் தேன்போல வந்துவிடும். விட்டுவிட்டு ஆறு மாதம் கழித்துத் திறந்தால் எண்ணெய்க் குழாயில் பழுப்புப் பிசின், பள்ளத்தில் ஒட்டிப்போன ரிங். பெட்ரோலிய எண்ணெயோடு இது கலக்காது. மிச்சம் இருக்கிறது என்று மேலே சாதாரண எண்ணெயை ஊற்றினால் கூழாகிக் குழாயை அடைக்கும். பந்தயத்துக்கென்று வந்த எண்ணெய், பந்தய ஒழுக்கத்தோடு மட்டுமே ஒத்துப்போகிறது: ஊற்று, ஓட்டு, வடி. ஓட்டாதவர்களுக்கு இன்றைய செயற்கை எண்ணெயே மேல் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். வண்டியை முழுக்க வடித்து, சிலிண்டருக்குள் காப்பு எண்ணெய் தெளித்து, துளைகளை அடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பையோடு குளிரூட்டிய அறையில் பூட்டினால் மேலே சொன்ன ஒன்றும் நடக்காதே? நடக்காது. உலோகத்தை மட்டும் காக்க வேண்டும் என்றால் அதுவே சிறந்த வழி, ஓட்டுவதைவிடவும் சிறந்தது. ஆனால் ஆடி மாதம் முழுக்க ஓர் அறையின் ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குள் வைப்பதும், மின்சாரம் போகும்போதும் வைப்பதும், ஒரு வீட்டுக்காரருக்கு எளிதில்லை. அருங்காட்சியகம் செய்யட்டும் என்றால், 2003 செப்டம்பரில் இங்கிலாந்தின் தேசிய மோட்டார் சைக்கிள் அருங்காட்சியகத்தில் தீப்பிடித்து ஒரே நாளில் சுமார் 380 வண்டிகள் கருகின. பல வண்டிகளை அவர்களால் திரும்பக் கட்ட முடிந்தது. அதற்குக் காரணம், அந்த வண்டிகளைப் பிரிக்கவும் பூட்டவும் தெரிந்தவர்கள் நாட்டில் இன்னும் இருந்தார்கள். அவர்கள் இருந்ததற்குக் காரணம், 1946 முதல் பழைய மோட்டார் சைக்கிள் சங்கங்களும், பின்னர் வந்த பழவண்டிப் பந்தயங்களும் இந்த எந்திரங்களை ஓட்டிக்கொண்டே இருந்தன. அலமாரியில் பூட்டியது உலோகத்தை வைத்திருந்தது; ஓட்டியவர்கள் அதை எப்படிச் செய்வது என்ற அறிவை வைத்திருந்தார்கள்.

இந்த அறிவுக்கு நம் பக்கத்துச் சான்று புல்லட். 1955இல் மதராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டும் கூட்டுச் சேர்ந்தன. திருவொற்றியூரில் 350 புல்லட் உருவாகத் தொடங்கியது. ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. திருவொற்றியூரில் அந்த இரும்பு சிலிண்டர் எந்திரம் நாற்பது வருடத்துக்கு மேல் அதன்பிறகும் வந்துகொண்டிருந்தது. விளைவு என்ன? 1950களின் ஆங்கிலேயப் புல்லட் ஒன்றை இன்று இங்கிலாந்தில் வைத்திருப்பவர் பிஸ்டனுக்கும் புஷ் ராடுக்கும் இந்தியாவை நோக்கிக் கை நீட்டுகிறார். நம்மூர் மெக்கானிக் ஒருவர், பிரிட்டனில் எந்தப் பயிற்சியும் பெறாமல், அந்த எந்திரத்தின் டைமிங்கைக் காதால் சொல்கிறார். தொல்லியலில் தோண்டி எடுக்க வேண்டிய அறிவு, தென்காசிப் பேருந்து நிலையத்துப் பின்தெருவில் கிரீஸ் கையோடு நிற்கிறது. 7ஆர் 1963இல் நின்றது. அதன் மேல் கேம் சங்கிலியையும் கொண்டை ஊசி வடிவ வால்வு ஸ்பிரிங்கையும் கையாளத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே சில நூறு பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம். புல்லட்டில் பழகிய கை அதைக் கற்றுக்கொள்ள அதிக நாள் ஆகாது. ஆனால் கற்க ஓடுகிற ஒரு வண்டி வேண்டும்.

ஓட்டினால் உடையுமே என்பது எல்லோரும் சொல்லும் மறுப்பு. உடையலாம். எங்கே, எதனால் என்பதைக் கணக்காகப் பார்க்கலாம். பிஸ்டன் மேல் எல்லையில் திரும்பும்போது அதன் முடுக்கம், சுழற்சி வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதம். 7ஆரின் பிற்கால எந்திரத்தில் பிஸ்டன் பயணம் 78 மில்லிமீட்டர்; உச்சம் நிமிடத்துக்கு 7,800 சுற்று. அந்தக் கணத்தில் முடுக்கம் புவியீர்ப்பைப்போல 3,300 மடங்கு வருகிறது. பிஸ்டனும் பின்னும் ரிங்கும் சேர்ந்து 400 கிராம் என்று வைத்துக்கொண்டால், கனெக்டிங் ராடை இழுக்கும் விசை சுமார் 1,300 கிலோ எடைக்குச் சமம். வினாடிக்கு 130 முறை. இதே வண்டியை 7,000 சுற்றுக்கு மேல் போகாமல் ஓட்டினால்? வேகத்தில் பத்து சதவீதம்தான் விட்டுக்கொடுத்தோம். விசை ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. உலோகச் சோர்வோ விசைக்கு நேர்விகிதத்தில் போவதில்லை. தகைவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் எஃகின் சோர்வு ஆயுள் பல மடங்கு நீளும். ஓர் எல்லைக்குக் கீழே இறங்கிவிட்டால் நல்ல எஃகு எத்தனை கோடிச் சுழற்சியையும் தாங்கும். அலுமினியத்துக்கும் மக்னீசியத்துக்கும் இந்த எல்லை கிடையாது. அவற்றுக்குச் சுழற்சியை எண்ணிக் கணக்கு வைக்க வேண்டும். 7,000 சுற்றில் இருபது நிமிடம் ஓடினால் 1,40,000 சுழற்சி; குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டிய எண் இது.

ஆகவே ஓட்டுவது என்றால் 1955இன் வெறியோடு ஓட்டுவது என்று பொருள் இல்லை. பழவண்டிப் பந்தயத்தில் முதலாவதாக வருகிறவருக்குக் கோப்பையைவிடப் பெரிய பரிசு ஒன்றும் கிடையாது. கடைசிப் பத்து சதவீதச் சுழற்சியை விட்டுக்கொடுப்பதால் இழப்பு பெரிதில்லை. வருடத்துக்கு ஒரு முறை பிரித்து, எஃகுப் பாகங்களைக் காந்தத் துகள் சோதனைக்கும், மற்றவற்றைச் சாயம் ஊடுருவும் சோதனைக்கும் உட்படுத்தலாம். சாயச் சோதனை எளிது: சிவப்புத் திரவத்தைத் தடவி, துடைத்து, வெள்ளைப் பொடி தெளித்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசல் சிவப்புக் கோடாக எட்டிப் பார்க்கும். வெல்டிங் வேலை நடக்கும் எந்தப் பெரிய பட்டறையிலும் அந்த டப்பா இருக்கும். அதிகம் உழைக்கும் கனெக்டிங் ராடும் வால்வும் பிஸ்டனும் புதிதாகச் செய்யப்பட்டவையாக இருக்கட்டும். மூல ராடை எண்ணெய் தடவி எண்ணிட்டு அலமாரியில் வைக்கலாம். சோர்வு அடைந்த எழுபது வயது எஃகை உள்ளே வைத்து ஓட்டி, அது உடைந்து மூல கிராங்க் கேஸையும் கிழிப்பதைத்தான் உண்மையான அழிவு என்பேன்.

பாகத்தை மாற்றிக்கொண்டே போனால் அது பழைய வண்டிதானா என்று கேட்பார்கள். தேர் ஓடும் ஊர்களில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்பது எனக்குக் கொஞ்சம் வேடிக்கை. பல வருடம் ஓடாமல் நின்ற திருவாரூர் ஆழித்தேர் 1970இல் மறுபடி ஓடியது. இரும்பு அச்சும் சக்கரமும், திருச்சி பெல் நிறுவனத்தின் ஹைட்ராலிக் பிரேக்கும் அதற்கு வந்தன. அதனால் அது தியாகராசர் தேர் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. பந்தய வண்டிக்கு இந்த நியாயம் இன்னும் பொருந்தும். ஒரே பருவத்தில் மூன்று பிஸ்டனும் இரண்டு கியர் செட்டும் பார்த்த வண்டிகள் அவை. ஆலையை விட்டு வந்தபடியே இருந்த பந்தய வண்டி என்றால் அது பந்தயமே ஓடாத வண்டி. ஆனாலும் ஓர் எல்லை உண்டு. சட்டகமும் கிராங்க் கேஸும் எண் பொறித்தவை. அவற்றை மாற்றினால் அது நகல். இந்த எல்லையை நேர்மையாக வைத்து, மாற்றிய ஒவ்வொரு பாகத்துக்கும் தேதியோடு குறிப்பு எழுதினால் வரலாற்றுக்குக் கேடில்லை. புகை பற்றிய மறுப்பை நீட்ட வேண்டாம்: வருடத்தில் சில மணி நேரம் ஓடும் சில வண்டிகளின் புகை, குற்றாலச் சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போக்குவரத்துப் புகையில் காணாமல் போகும்.

எங்கே ஓட்டுவது என்பதுதான் நடைமுறைச் சிக்கல். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு ஏறும் வளைவுகள் இலகுரக வண்டிக்கென்றே செய்தவைபோல இருக்கும். அங்கே பொதுமக்களும் லாரிகளும் போகிறார்கள், அந்த எண்ணமே தவறு. தமிழ்நாட்டில் மோட்டார் பந்தயத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1953இல் தொடங்கிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்தியது. தொடக்க காலங்களில் அங்கே சீறியவற்றில் பிரிட்டிஷ் ஒற்றை சிலிண்டர்களும் இரட்டை சிலிண்டர்களும் முன்னணி. 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் கிளப்புக்குச் சொந்தக் களம் இருக்கிறது. கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே 2003 முதல் இருக்கிறது. ஆய்க்குடியில் இருந்து வேனில் ஏற்றினால் கோவை ஒரு நாள் பயணத்தில் அடங்கும். பயிற்சி நாளில் கட்டணம் கட்டி இருபது நிமிடத் தவணை மூன்று ஓடினால், எண்ணெய் கொதித்து ஈரம் போய், ஜெட் சரிபார்த்து, வடித்து, திரும்ப வரலாம். சாரல் தொடங்கும் முன் ஒரு முறை, சீசன் முடிந்ததும் ஒரு முறை, தையில் ஒரு முறை என்பது இந்த ஊர்க் காற்றுக்கு ஏற்ற கணக்கு. நடுவில் உள்ள சீசன் மாதங்களில் முற்றிலும் வடித்துக் காயவைத்துப் பூட்டி வைக்க வேண்டும், ஸ்டார்ட் செய்து பார்க்கக் கூடாது.

சாலைப் பதிவு உள்ள பழைய வண்டி என்றால் சட்டமும் கூட வருகிறது. 2021 ஜூலையில் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், ஐம்பது வயது கடந்த வண்டிகளை விண்டேஜ் என்று வகுத்து, எண் பலகையில் 'விஏ' என்ற எழுத்துகளோடு தனிப் பதிவு தருகிறது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய். கண்காட்சி, பேரணி, ஆய்வு, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது ஆகியவற்றுக்கு மட்டும் சாலையில் எடுக்கலாம், அன்றாடம் ஓட்டக் கூடாது. ஓரளவு ஓட்டம் தேவை என்பதை விதி ஏற்றுக்கொண்டது நல்லதே. சிக்கல் அதன் இன்னொரு நிபந்தனையில் இருக்கிறது: வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும், சட்டகத்திலோ எந்திரத்திலோ பெரிய மாற்றம் நடந்திருக்கக் கூடாது. வேறு எந்திரத்தைத் தூக்கி வைப்பதைத் தடுக்கவே இது எழுதப்பட்டிருக்கும். ஆனால் விரிசல் கண்ட கனெக்டிங் ராடுக்குப் பதில் அதே அளவில், அதைவிடத் தூய எஃகில் செய்த ராடு போடுவது பெரிய மாற்றமா, பராமரிப்பா? விதி சொல்லவில்லை, சோதிக்கும் ஆய்வாளரின் மனதைப் பொறுத்தது. அதே வடிவம், அதே அளவு, எண் பொறித்த பாகம் இல்லை என்ற மூன்றும் பொருந்தினால் அது பராமரிப்பு என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த வரி வரும் வரை, பழைய ராடைக் கழற்றி வைத்த அலமாரியும் தேதி போட்ட குறிப்பேடும்தான் உரிமையாளரின் கையில் உள்ள சான்று.